டீசல் தீயா, கேஸ் தீயா? கப்பல் வேலைக்கான பேசிக் ஃபயர் (தீயணைப்பு) கோர்ஸுக்குக் கிளம்புகிறவர்களுக்கு

அக்கா பையன் போன வாரம் போன் பண்ணினான். "மாமா, ஃபயர் கோர்ஸ் எங்க பண்றது? ஒரு இடத்துல டீசலை ஊத்திக் கொளுத்துறாங்களாம், இன்னொரு இடத்துல பட்டனைத் தட்டினா தீ வருதாம்." நான் இரண்டையும் பார்த்தவன். பேசிக் படித்தது டீசல் இடத்தில், ஐந்து வருடம் கழித்து ரிஃப்ரெஷர் கேஸ் இடத்தில். இரண்டுமே ஈ.சி.ஆர். பக்கம், பெயர் வேண்டாம். டி.ஜி. ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறை அலுவலகம்) அங்கீகாரம் இரண்டுக்கும் உண்டு, சான்றிதழுக்கும் ஒரே மதிப்புதான்.

டீசல் இடத்தில் இரும்புத் தொட்டியில் முதலில் தண்ணீர், அதன் மேல் டீசல், கடைசியாகக் கொஞ்சம் பெட்ரோல். டீசல் லேசில் பற்றாது, கப்பல் எரிபொருளுக்கு ஃப்ளாஷ் பாயிண்ட் (ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை) பொதுவாக 60 டிகிரிக்குக் குறையக்கூடாது என்பதே விதி, அதனால்தான் பெட்ரோல். டி.சி.பி. (தீயணைக்கும் உலர் பவுடர்) அடித்ததும் தீ சட்டென்று படுத்துவிட்டது, நான் பெரிய வீரன் மாதிரி திரும்பினேன், தொட்டி விளிம்பின் சூட்டிலேயே குப்பென்று மறுபடி பிடித்துக்கொண்டது. தீக்கு முதுகைக் காட்டாதே, பின்பக்கமாகவே நட என்று வாத்தியார் காலையிலிருந்து கத்தியது அப்போதுதான் மண்டையில் ஏறியது. காற்று இன்னொரு வாத்தியார். காலையில் நிலத்திலிருந்து வீசிக்கொண்டிருந்தது, மதியம் நெருங்கும்போது கடல்காற்றாகத் திரும்ப, பவுடர் முழுக்க எங்கள் வாயில்.

நுரையும் அப்படித்தான். எண்ணெய் மேல் நேராக அடித்தால் தெறிக்கும். எதிர்ச் சுவரில் அடித்து மெதுவாக வழியவிட வேண்டும். தப்பாக அடித்தால் டீசல் தொட்டி உடனே காட்டிக்கொடுத்துவிடும். கேஸ் மேடையில் தீயை அணைப்பது நம் நுரை இல்லை, பின்னால் ரிமோட்டோடு நிற்கிறவரின் விரல். நாம் சரியாக அடிப்பதாக அவருக்குத் தோன்றினால் கேஸை மூடுவார். சாப்பாட்டு நேரம் என்றால் கொஞ்சம் சீக்கிரமாகவே தோன்றும்.

அதற்காகக் கேஸ் இடம் வேஸ்ட் என்று நினைக்க வேண்டாம். டீசல் தொட்டியில் ஆளுக்கு ஒரே சான்ஸ், இங்கே நான்கு தடவை. கேஸ் கசிந்து எரியும்போது சுடரை அணைக்கக்கூடாது, அணைத்தால் கேஸ் தேங்கி வெடிக்கும், தண்ணீர் ஸ்ப்ரேயைத் திரை மாதிரி பிடித்துக்கொண்டு போய் வால்வை மூட வேண்டும். முந்தின இடத்தில் இதைப் போர்டில் வரைந்து காட்டினார்கள், இங்கே ஹோஸைப் பிடித்துக்கொண்டு நானே போய் மூடினேன்.

ஆனால் என் கணக்கில் முடிவு செய்ய வேண்டியது தீயை வைத்து இல்லை, பி.ஏ. செட்டை (புகைக்குள் மூச்சுவிட முதுகில் மாட்டும் காற்று சிலிண்டரும் மாஸ்க்கும்) வைத்து. டீசல் இடத்தில் 24 பேருக்கு நான்கு செட். ஐந்து நிமிடம் முதுகில் மாட்டி, ஒரு சுற்று நடக்கவிட்டு, கழற்றி அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கேஸ் இடத்தில், காற்று தீரப்போகிறது என்று செட்டே விசில் அடிக்கும்வரை விட்டார்கள். 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் என்றால் 1,800 லிட்டர் காற்று, நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று பார்த்தால் 45 நிமிடம், இது பேப்பர் கணக்கு. இருட்டில், செயற்கைப் புகையில், புறங்கையால் சுவரைத் தடவிக்கொண்டு (உள்ளங்கையால் தடவி, கரண்ட் இருந்தால் விரல் மடங்கிப் பிடித்துக்கொள்ளும்) 75 கிலோ பொம்மையை இழுத்து வந்த எனக்கு 22ஆவது நிமிடத்திலேயே விசில். அந்த 22 எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

கப்பலில் டிரில் பண்ணுகிறோமே, அது போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. டிரிலுக்காகவே சிலிண்டரில் மறுபடி காற்று நிரப்பும் வசதியோ உபரி சிலிண்டரோ கப்பலில் இருக்க வேண்டும் என்பது 2014 முதல் விதி. நான் போன கப்பல்களில் மாஸ்க்கை மாட்டி போட்டோ எடுப்பதோடு சரி.

அவனிடம் சொன்னது இதுதான்: பணம் கட்டும் முன் போன் போட்டு, பேட்சுக்கு எத்தனை செட், விசில் அடிக்கும்வரை விடுவீர்களா என்று இரண்டே கேள்வி கேள். இரண்டு இடத்திலும் பதில் ஒன்றாக இருந்தால் டீசலுக்குப் போ. அப்புறம், தாடியை எடுத்துவிடு, முகத்தில் மாஸ்க் ஒட்டாது, காற்று கசியும் என்றேன். எந்த இடம் என்பதை இரண்டு நிமிடத்தில் ஒத்துக்கொண்டவன், தாடிக்கு அரை மணி நேரம் வாதாடினான்.