இரண்டு இரவு, குறைந்த செலவு: பலெர்மோவா, கத்தானியாவா?

இத்தாலியின் சிசிலித் தீவுக்கு வார இறுதியில் போய்வர மலிவு டிக்கெட் தேடினால் திரையில் பலெர்மோவும் கத்தானியாவும் அடுத்தடுத்து வந்து நிற்கும். பத்து யூரோ குறைவாக இருக்கிறதே என்று ஏதோ ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள் பலர். அப்படிச் செய்யாதீர்கள். ஒரே தீவுதான் என்றாலும் இந்த இரண்டு ஊர்களிலும் பணம் கரைகிற இடம் வேறு வேறு.

விமான நிலையத்தைப் பொறுத்தவரை கத்தானியாதான், சந்தேகமே இல்லை. ஊரை ஒட்டியே இருக்கிறது, அலிபஸ் என்கிற விமான நிலையப் பேருந்தில் ஏறினால் நான்கைந்து யூரோவில் நடு ஊருக்கு வந்துவிடலாம். பலெர்மோ நிலையம் ஊருக்கு மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி, கடலோரத்தில். பஸ்ஸோ ரயிலோ, ஒரு மணி நேரத்தை ஒதுக்கி வைக்க வேண்டும், ஆளுக்கு ஒரு தடவைக்கு ஆறேழு யூரோ ஆகும். வெள்ளி நள்ளிரவில் இறங்குகிற விமானம் என்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள், டாக்ஸி பிடித்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

ஊருக்குள் வந்தபின் கணக்கு தலைகீழ். கத்தானியாவுக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் எத்னா எரிமலைக்காகப் போகிறார்கள். பொதுப் பேருந்து ரயில் நிலையத்தின் எதிரிலிருந்து காலையில் ஒன்று கிளம்பும், சாயங்காலம் திரும்பும், அவ்வளவுதான். அது இறக்கிவிடுவது சுமார் 1,900 மீட்டர் உயரத்தில். அதற்கு மேல் 2,500 மீட்டர் வரை கேபிள் காருக்கு ஆளுக்கு 50 யூரோவை ஒட்டி வரும், அதுவும் காற்று பலமாக இருந்தால் ஓடாது. இரண்டு நாளில் ஒரு நாள் முழுக்க இதற்கே சரி. ஊர் அழகுதான், 1693 பூகம்பத்துக்குப் பின் கறுப்பு எரிமலைக் கல்லில் எழுப்பிய தெருக்கள், பேராலயச் சதுக்கத்துக்குப் பின்னால் மீன் சந்தை. வாள்மீன் தலையை மூக்கு வானத்தைப் பார்க்க நிறுத்தி வைத்திருப்பார்கள், காலடியில் கருங்கல் தரை ஈரத்தில் மினுங்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்தை கிடையாது, வார இறுதிக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பலெர்மோவின் பல்லரோ சந்தை ஞாயிறு காலையிலும் நடக்கிறது. அங்கே பனெல்லே வாங்குங்கள்: கடலை மாவைக் கிளறி, ஆறவைத்து, மெல்லிசாக வெட்டி எண்ணெயில் பொரித்து, எள் தூவிய பன்னுக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். நம்மூர் பஜ்ஜி மாதிரி சுடச்சுடத் தின்ன வேண்டும், ஆறினால் ருசி போச்சு. சில யூரோவில் மதியச் சாப்பாடு முடிந்துவிடும், சைவக்காரர்களுக்கும் கவலையில்லை. பேராலயத்துக்குள் போக காசில்லை, கூரைமேல் ஏறத்தான் டிக்கெட். நார்மன் அரண்மனைக்குள் இருக்கும் பலத்தீன் ஆலயத்துக்கு மட்டும் நல்ல விலை வைத்திருக்கிறார்கள், அதைக் கொடுத்துவிடுங்கள். 12ஆம் நூற்றாண்டில் சிசிலியின் நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜர் கட்டியது. சுவரெல்லாம் பைசாந்தியப் பாணித் தங்க மொசைக், தலைக்கு மேலே அரபுப் பாணியில் செதுக்கி வண்ணம் தீட்டிய மரக்கூரை, இரண்டையும் ஒரே அறையில் அண்ணாந்து பார்க்கிற வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்?

அப்புறம் மோந்தே பெல்லெக்ரினோ மலை. ஊர்ப் பேருந்திலேயே போகலாம். அங்கே குகைக்குள் பலெர்மோவின் காவல் புனிதர் ரோசாலியாவின் கோயில் இருக்கிறது. பலெர்மோவில் குடியேறிய ஈழத்தமிழர்கள், இந்துக்கள் உட்பட, இந்தப் புனிதரைக் கும்பிட மலையேறி வருகிறார்கள்.

ஆக, இரண்டு இரவு மட்டும்தான் என்றால் நான் பலெர்மோ பக்கம். மூன்று நான்கு இரவு கிடைத்தால் கத்தானியா, எத்னாவுக்கு ஒரு நாள், ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே போனால் வரும் சிராக்கூசா ஊருக்கு ஒரு நாள் என்று நிதானமாகப் பார்க்கலாம்.

எந்த ஊரானாலும் திருவிழா நாளில் அறை விலை ஏறும்: கத்தானியாவில் பிப்ரவரி 3 முதல் 5 வரை புனித அகத்தா விழா, பலெர்மோவில் ஜூலை 14 இரவு ரோசாலியா விழா. இன்னொன்று, எத்னா சாம்பலைக் கக்கினால் கத்தானியா விமான நிலையத்தைச் சில மணி நேரம் மூடிவிடுவதுண்டு. திங்கள் காலை வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்கள் அங்கிருந்து ஞாயிறு இரவுக் கடைசி விமானத்தை நம்பாமல் மதிய விமானத்தைப் பிடியுங்கள்.