நோட்டுப் புத்தகமா, பின்ட்ரெஸ்ட்டா, ஸ்கிரீன்ஷாட்டா?

ஓவியமோ போட்டோவோ நல்ல வரியோ, பிடித்ததைச் சேர்த்து வைப்பவர்களில் பலரிடம் இன்று இருப்பது ஸ்கிரீன்ஷாட் குவியல்தான். ஒரு நொடி வேலை, காசும் இல்லை. ஆனால் கரண்ட் பில்லுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஓவியத்தை அப்புறம் யார் தேடுவது? வரைந்தவர் பெயரும் பாதி நேரம் வெட்டுப்பட்டிருக்கும். தற்காலிகமாக வைக்க மட்டும் சரி.

படங்களுக்கு என்றால், 2010-இல் வந்த பின்ட்ரெஸ்ட் என்ற படச் சேமிப்புத் தளத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. போர்டு என்ற படத் தொகுப்பு, அதற்குள் பிரிவுகள், யார் கண்ணிலும் படாத ரகசிய போர்டு எல்லாம் உண்டு. ஒரு படத்தில் சேலைக் கரையை மட்டும் குறித்துக் காட்டினால், அதே மாதிரிக் கரைகளைத் தேடிக் கொண்டுவந்து கொட்டும். தொல்லையும் அங்கேதான். நாலு செட்டிநாட்டுக் கதவுகளைச் சேமித்துவிட்டால் அப்புறம் திறக்கும்போதெல்லாம் கதவுதான்! மூலப் பக்கத்துக்குப் போனால் பக்கமே இருக்காது. ஏஐ படங்களும் பெருகிவிட்டன. 2025-இல் அவற்றுக்கு அடையாளம் போடத் தொடங்கினாலும் எல்லாம் பிடிபடுவதில்லை.

மேற்கோள்களுக்கு என் ஓட்டு நோட்டுக்குத்தான். அப்துல் கலாம் சொல்லாத எத்தனையோ வரிகள் அவர் படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. நோட்டில் எழுதும்போது புத்தகப் பெயரும் பக்க எண்ணும் போட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பாதி வரிகள் வாசலிலேயே நின்றுவிடும். தேடுவது கஷ்டம் என்பார்கள். அதற்கு ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1686-லேயே வழி சொல்லியிருக்கிறார்: தலைப்புச் சொல்லின் முதல் எழுத்தையும் அதை அடுத்து வரும் முதல் உயிரெழுத்தையும் வைத்து, நோட்டின் முதல் இரண்டு பக்கங்களில் பக்க எண்களைக் குறிக்க ஓர் அட்டவணை. நமக்கு இன்னும் சுலபம், ஓர் உயிர்மெய் எழுத்தே இரண்டு வேலையையும் பார்த்துவிடும். ‘நட்பு’ என்றால் ‘ந’, ‘நினைவு’ என்றால் ‘நி’.

பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டவும் நோட்டு ஆகும். ஆனந்த விகடனில் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களை அப்படிக் காப்பாற்றியவர்கள் உண்டு. மைதாப் பசை மட்டும் வேண்டாம், பூச்சி வரும். தண்ணீர்ப் பசை தாளைச் சுருக்கிவிடும். குச்சி வடிவில் விற்கும் பசை நல்லது. செய்தித்தாள் எப்படியும் பழுப்பேறும், அதனால் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படமும் வரியும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் ஆரெனா (Are.na) என்ற தளத்தைப் பார்க்கலாம். விளம்பரம் இல்லை, லைக் இல்லை. ஒரே படத்தைப் பல தொகுப்புகளில் சேர்க்கலாம். இலவசக் கணக்கில் வரம்பு உண்டு. பொறுக்கிச் சேர்ப்பவருக்கு அது வெகுநாள் தாங்கும். கண்டதையெல்லாம் சேர்ப்பவர் சீக்கிரமே காசு கட்ட வேண்டியிருக்கும்.