ஆர்பிஎம் மீட்டரும் நாலு சாக்பீஸ் கோடும்

நேத்து ராத்திரி தொண்டியிலிருந்து மச்சான் போன் போட்டான். "நீ மாட்டியிருக்கியே அந்த ஆர்பிஎம் மீட்டர், விலை இறங்கியிருக்கு. நானும் ஒண்ணு வாங்கவா?" அவனிடம் கொட்டித் தீர்த்தது போக மிச்சம் இங்கே.

என் ஃபைபர் படகில் இருப்பது 15 எச்பி டூ ஸ்ட்ரோக் மிஷின். ரெண்டு சிலிண்டர், கயிறு இழுத்துக் கிளப்புவது, பேட்டரி கிடையாது. மிஷின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுது என்று காட்டும் அந்த மீட்டர் தீப்பெட்டி அளவுதான். சிவப்பு ஒயரை பிளக் ஒயர் மேல் நாலு சுற்று சுற்றணும், கறுப்பை எஞ்சின் போல்ட்டில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முறுக்கணும். பத்து நிமிஷ வேலை.

அடுத்த ஒரு மாசம் எனக்குத் தூக்கம் போச்சு.

முதல் நாள் ஃபுல் த்ராட்டிலில் காட்டியது 10,400. என் மிஷின் கையேட்டில் 4,500 முதல் 5,500 வரைதான். சிவப்பு ஒயர் ரெண்டு பிளக் ஒயரிலும் உரசுதோ என்று தள்ளிக் கட்டினேன், சுற்றைக் குறைத்தேன். அசையவில்லை. கூட வந்த தாள் மட்டும் "டூ ஸ்ட்ரோக் என்றால் 1பி-1ஆர்", அதாவது ஒரு சுற்றுக்கு ஒரு பொறி, என்று அடித்துச் சொன்னது. கடைக்காரர் மீட்டர் பழுது என்றார். மெக்கானிக் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கடைசியில் தீர்ப்பு சொன்னது வீட்டுத் தாழ்வாரத்து டியூப்லைட். பழைய சோக் வைத்தது. நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அது செகண்டுக்கு 100 முறை மினுக்கும். மிஷினைத் தண்ணி டிரம்மில் இறக்கி, மேலே இருக்கும் ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, மிஷினோடு சேர்ந்து சுற்றும் சக்கரமான ஃப்ளைவீலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். தனிக் கயிறு சுற்றிக் கிளப்பி, மீட்டர் 3,000 காட்டும் வரை த்ராட்டிலைத் திருகினேன். (அந்த ஃப்ளைவீல் பக்கம் லுங்கியோடு போகாதீங்க. நான் போனேன், வீட்டில் வாங்கிக் கட்டிக்கிட்டேன்.) நிஜமாகவே 3,000 என்றால் செகண்டுக்கு 50 சுற்று, சுற்றுக்கு ரெண்டு மினுக்கல், அதனால் கோடு ரெண்டாகத் தெரியணும். தெரிந்தது நாலு. கூட்டல் குறி மாதிரி அப்படியே நின்றது. நாலு என்றால் 1,500.

என் மிஷினில் பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் காயில் ஒன்றுதான். ரெண்டு பிளக்கும் சேர்ந்தே பொறி விடும், ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை. அதில் ஒன்று வேலைக்கு, மற்றது வீண். ஆக வேண்டியது 2பி-1ஆர். அதை மாற்ற ரெண்டு குட்டிப் பொத்தானைச் சேர்த்து அமுக்கிப் பிடிக்கணும். மீன் நாத்தம் பிடித்த ஈர விரலுக்கு அது நடக்கிற காரியமா? பேனா முனையால் குத்தி மாற்றினேன். ஃபுல் த்ராட்டிலில் 5,200. அப்பாடா.

அதுக்கப்புறம் மூணு வருஷம் குறை சொல்ல முடியாது. வலையும் ஆளும் ஐஸும் ஏற்றினால் 4,600. அதுக்கும் கீழே இறங்கினால் பிட்ச் குறைந்த, அதாவது ஒரு சுற்றுக்குக் கம்மி தூரம் தள்ளும் காத்தாடிக்கு (ப்ரொப்பெல்லர்) மாறணும் என்று தெரிந்துகொண்டேன். போன கச்சான் காத்தில் திரும்பி வரும்போது எண் 5,900க்கு எகிறியது, படகோ நகரவே யோசித்தது. காத்தாடிக்குள் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது. காதுக்கு எனக்கு வித்தியாசமே தெரியவில்லை, இரைச்சல் எப்பவும் போலத்தான். த்ராட்டிலைக் குறைத்து, ஊர்ந்தே கரை சேர்ந்தேன்.

போன வாரம் மீட்டர் செத்துப்போச்சு. உள்ளே இருக்கும் பேட்டரியைப் பிசின் ஊற்றி அடைத்திருக்கிறான், மாற்ற வழியே இல்லை. பிளேடால் அறுத்துப் பார்த்ததில் கைதான் கிழிந்தது. மூணு வருஷத்தில் குப்பைக்குப் போகிற மாதிரி செய்து, தப்பான தாளையும் கூடக் கொடுத்து விற்கிறவனுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. மச்சானிடம் அதையேதான் சொன்னேன்: வாங்காதே.

நாலு நாளாக ஃபுல் த்ராட்டில் கொடுக்கும்போதெல்லாம் கண் தானாக அந்த வெற்று இடத்துக்குத்தான் போகிறது. விலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று மச்சான் சொன்னானா, நான்தான் கத்தியதில் கேட்கவில்லையா, தெரியவில்லை. காலையில் திரும்பக் கூப்பிடணும்.