எல்லாம் முதலாளி கையிலா, பிரிவுகளுக்கும் அதிகாரமா?

சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலை, அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சோர்ட்டர் வாங்கப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முடிவு: முதலாளி நினைத்தால் நாளைக்கே முற்பணம். பிரிவுகள் கூடிப் பேசினால் ஒரு போகமே போய்விடும்.

யோசனை: எல்லாம் முதலாளி கையில் என்றால் அவருக்குத் தெரிந்தது மட்டும்தான். பிரிவுகளுக்கும் அதிகாரம் என்றால், கறுப்பரிசி கலந்ததற்குக் கடைக்காரரிடம் ஏச்சு வாங்கும் லொறிச் சாரதியும் வாய் திறப்பார். எனக்கு இதுதான் பெரிய லாபம்.

பழக்கம்: கேட்டு வாங்கியவர்கள் பழகிக்கொள்வார்கள். திணித்தது மூலையில் தூசி பிடிக்கும்.

எந்த முறை எங்கே பொருந்தும் என்று, நிறுவனங்களை ஆராய்ந்த பேர்ண்ஸும் ஸ்டோக்கரும் 1961இல் சொன்னது ஏறக்குறைய இதுதான்: நிலையான சூழலுக்கு இறுகிய படிநிலை, மாறும் சூழலுக்கு நெகிழ்வு.

சரி, வருடம் முழுக்க ஒரே நாட்டரிசி என்றால் முதலாளி முறை போதும். சம்பா, சிவப்பரிசி, அரிசிமா என்று விரிப்பவர் பிரிவுகளைப் பேச விடட்டும். காசோலைக் கையெழுத்து மட்டும் ஒருவரிடமே இருக்கட்டும்.