காரின் உள்தரைக்கு எந்த உறிஞ்சி? கையடக்க வகையும் தொட்டி வகையும்

காரின் உள்தரையைச் சுத்தம் செய்யக் கருவி வாங்க நினைப்பவர் முன் இன்று ஐந்து வகைகள் நிற்கின்றன: லைட்டர் சாக்கெட்டில் செருகும் 12 வோல்ட் உறிஞ்சி, பேட்டரியில் ஓடும் கையடக்க உறிஞ்சி, வழக்கமான வீட்டு வாக்குவம் கிளீனர், தூசியையும் நீரையும் ஒருங்கே இழுக்கும் ‘வெட் அண்ட் டிரை’ எனப்படும் தொட்டி வகை, தண்ணீரைத் தெளித்து அழுக்கோடு திரும்ப உறிஞ்சும் ஸ்ப்ரே எக்ஸ்ட்ராக்டர். முதல் நான்கையும் சொந்தமாகப் பயன்படுத்தியபின் தொட்டி வகையிலேயே நான் நிலைத்துவிட்டேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைப்பதற்கில்லை. அந்தச் சாய்வுக்கான காரணத்தைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

காரின் தரை வீட்டுத் தரையைப் போன்றதன்று. வீட்டில் அழுக்கு மேற்பரப்பில் கிடக்கிறது. காரிலோ காலணியோடு வரும் மணல், விரிப்பின் இழைகளுக்குள் இறங்கி, மிதிக்க மிதிக்க அடிவரை சென்று தங்கிவிடுகிறது. அங்கே தங்கும் கூர்மையான துகள்கள் இழைகளை வேரோடு அறுப்பதால், ஓட்டுநரின் குதிகால் படும் இடத்தில் விரிப்பு மற்ற இடங்களைவிட முன்னதாகவே தேய்கிறது. மேலும், பல கார்களில் இருப்பது நெய்த கம்பளம் அன்று. செயற்கை இழைகளை ஊசிகளால் குத்திக் குத்திப் பிணைத்த, கம்பளி போன்ற ஒரு விரிப்பு. முடியையும் நூலையும் கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. இருக்கைக்கு அடியில் ஓடும் தண்டவாளங்கள், மிதிகளுக்குப் பின்னுள்ள சந்து, நடுப்பெட்டிக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள பிளவு ஆகியவற்றையும் சேர்த்தால், உறிஞ்சும் வலிமையோடு எட்டும் தூரமும் முக்கியம் என்பது புரியும்.

12 வோல்ட் உறிஞ்சியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 15 ஆம்பியர் வரைதான் தாங்கும். எனவே 120 முதல் 180 வாட்டுக்கு மேல் அதிலிருந்து எடுக்க வழியே இல்லை. கார் பேட்டரி இறங்கிவிடுமோ என்ற அச்சம் மட்டும் மிகைப்படுத்தப்பட்ட ஒன்று: 10 ஆம்பியர் வீதம் 20 நிமிடம் ஓடினாலும் செலவாவது ஏறத்தாழ 3.3 ஆம்பியர்-மணிதான்; நல்ல நிலையில் உள்ள 40 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது பெரிய சுமையன்று. பேட்டரிக்கு அஞ்சி, மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓட விட்டுக்கொண்டு சுத்தம் செய்வதுதான் உண்மையில் ஆபத்தானது. என்ஜின் புகையில் உள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு மணமற்றது. மேலோட்டமான தூசிக்கு இந்த வகை போதும், இறங்கிய மணலுக்குப் போதாது.

வீட்டு வாக்குவம் கிளீனர் ஏற்கெனவே இருந்தால், பிளவுகளுக்கான குறுகிய முனை ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு அதையே பயன்படுத்தலாம். உறிஞ்சும் வலிமையில் குறையில்லை. ஆனால் அதன் மோட்டார் பெரும்பாலும் உறிஞ்சிய காற்றினாலேயே குளிர்விக்கப்படுவதால், ஈரமான மிதியடியின்மேல் அதை வைக்கவே கூடாது. மழைக்காலத்தில் காரின் தரை ஈரமாக இல்லாத நாள் எது என்று பார்த்துப் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

கையடக்கப் பேட்டரி வகைதான் பெரும்பாலோரை ஈர்க்கிறது. கம்பி இல்லை, எடை குறைவு, நினைத்த கணத்தில் எடுக்கலாம். விளம்பரங்களில் இதன் உறிஞ்சும் அழுத்தத்துக்குப் பாஸ்கல் கணக்கில் பெரிய எண்களைப் போடுகிறார்கள். அந்த எண், உறிஞ்சும் வாயை முழுவதும் அடைத்துவிட்டு அளக்கப்படுவது. அந்நிலையில் காற்றோட்டமே இராது. மணலைத் தூக்குவதற்கு அழுத்தமும் காற்றோட்டமும் சேர்ந்து வேண்டும் என்பதால், பாஸ்கல் எண்ணை மட்டும் வைத்து இரண்டு கருவிகளை ஒப்பிடுவதில் பொருளில்லை. ஓடும் நேரத்தையும் நாமே கணக்கிட்டுவிடலாம். 3.6 வோல்ட், 2500 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் செல்கள் மூன்று உள்ள கருவியில் இருக்கும் ஆற்றல் சுமார் 27 வாட்-மணி. 120 வாட் மோட்டாரை அது 13 நிமிடங்களுக்குச் சற்று மேல் ஓட்டும். நான்கு கால்வைப்பிடங்களையும் டிக்கியையும் ஒழுங்காக முடிக்க அது போதாது. தவிர, முழு மின்னேற்றமும் வெப்பமும் சேர்ந்தால் லித்தியம் செல் விரைவில் மூப்படையும். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். காருக்கென்றே விற்கப்படும் கருவியைக் காரில் வைக்கக் கூடாது என்பது வேடிக்கைதான்.

இவையெல்லாம் இருந்தும், என் முடிவைத் தீர்மானித்தது பேட்டரியோ வலிமையோ அன்று. வடிகட்டியைப் பராமரிப்பதுதான் தீர்மானித்தது. கருவி வாங்கும்போது எவரும் கேட்காத கேள்வியும் அதுவே.

காரின் தரையிலிருந்து வரும் தூசியில் பெரும் மணலும் உண்டு, மாவு போன்ற நுண்துகளும் உண்டு. மணல் தூசிக் கிண்ணத்தில் விழுந்துவிடும். நுண்துகள் நேராக வடிகட்டியில் போய் ஒட்டும். கையடக்க வகையின் வடிகட்டி உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுடையது. அந்தச் சிறிய பரப்பை நுண்துகள் ஒரு படலமாக மூடியவுடன் காற்றோட்டம் சரிகிறது. மோட்டாரின் ஓசை மட்டும் உரத்துக் கேட்கும், மணலோ இருந்த இடத்திலேயே இருக்கும். பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பலர் எண்ணிக் கருவியையே ஒதுக்கிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். தட்டினால் ஓரளவு உதிரும். மடிப்புகளுக்குள் அடைந்தது உதிராது. கழுவத்தக்க வடிகட்டியானால் கழுவலாம், ஆனால் அது முழுவதும் காய ஒரு நாளாவது ஆகும். அரைகுறை ஈரத்தில் மாட்டினால், அடுத்து வரும் தூசி அதன்மேல் சேறாகப் படிந்து இறுகி, சில நாளில் கருவியைத் திறக்கும்போதெல்லாம் முடைநாற்றம் வீசும். ஆகவே கையடக்க வகைக்கு மாற்று வடிகட்டி ஒன்று எப்போதும் கைவசம் இருந்தாக வேண்டும். அது தனியாகக் கிடைக்காத மாதிரியாக இருந்தால், நாம் வாங்குவது அந்த வடிகட்டியின் ஆயுள் வரைக்குமான கருவியைத்தான்.

தொட்டி வகையில் இந்தச் சிக்கல் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. 15 லிட்டர் தொட்டிக்குள் நுழையும் காற்று சட்டென்று வேகம் குறைவதால், மணலின் பெரும்பகுதி வடிகட்டியை எட்டாமலே அடியில் விழுகிறது. உள்ளே துணிப் பை ஒன்றை மாட்டிவிட்டால் நுண்துகளில் மிகுதியையும் அதுவே பிடித்துக்கொள்கிறது. பின்னால் இருக்கும் மடிப்பு வடிகட்டிக்கு வேலை குறைவு. அதன் பரப்பும் கையடக்க வகையினதைப்போல் பல மடங்கு. பையைக் கழற்றிவிட்டு நுரை உறையைப் போட்டால் ஈரத்தையும் இழுக்கலாம். இத்தகைய கருவிகளில் மோட்டாரைக் குளிர்விக்கும் காற்று பொதுவாகத் தனி வழியில் செல்கிறது; தொட்டி நிரம்பினால் உள்ளிருக்கும் மிதவை மேலெழுந்து உறிஞ்சலை நிறுத்திவிடுகிறது. கார் முழுவதையும் முடித்த பின்னும், தொடங்கியபோதிருந்த அதே இழுவை கையில் தெரிவதுதான் நான் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம்.

குறைகளும் இல்லாமலில்லை. சத்தம் அதிகம், இடத்தை அடைத்துக்கொள்ளும், உடன் வரும் குழாய் பெரும்பாலும் 2 மீட்டருக்கு மேல் இராததால் தொட்டியைக் கதவுக்குக் கதவு இழுத்துச் செல்ல வேண்டும். வறண்ட வானிலையில் பிளாஸ்டிக் குழாய்க்குள் மணல் உரசி நிலைமின்னேற்றம் உண்டாகி, கதவின் உலோகத்தைத் தொடும்போது விரலில் சுரீரென்று தாக்கும். ஈரத்தை இழுத்தபின் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவிக் காயவைக்காவிட்டால் நாற்றம் இதிலும் வரும்.

எந்த உறிஞ்சியை வாங்கினாலும், நடுத்தர விறைப்புள்ள ஒரு நைலான் பிரஷ் இல்லாமல் வேலை பாதிதான் முடியும். ஒரு கையால் இழைகளை எதிர்த்திசையில் தேய்த்துக்கொண்டே மறுகையால் முனையைப் பின்தொடரச் செய்தால், அடியில் தங்கிய மணல் மேலே வருவதைக் கண்ணால் காணலாம். துளைக் கருவியில் (டிரில்) மாட்டிச் சுழற்றும் பிரஷ் வேகமாக வேலை செய்யும் என்றாலும், ஊசிக்குத்து விரிப்பில் அது இழைகளைப் பிய்த்துப் பஞ்சாக்கிவிடும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். நாய், பூனை முடிக்கு உறிஞ்சியைவிட ரப்பர் பிரஷ் மேல். ஒரே திசையில் இழுத்தால் முடி உருண்டு திரண்டு வந்துவிடும்.

ஸ்ப்ரே எக்ஸ்ட்ராக்டரை இரவல் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேனே தவிரச் சொந்தமாக வைத்திருந்ததில்லை. அதன் பம்பு எத்தனை காலம் உழைக்கும் என்று அனுபவத்திலிருந்து சொல்ல எனக்குத் தகுதியில்லை. சிந்திய பாலுக்கும் பழைய கறைக்கும் அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் விரிப்புக்கு அடியில் நுரைமெத்தை அல்லது அழுத்திய பஞ்சு இருக்கிறது. அதில் இறங்கிய தண்ணீர் எளிதில் காயாது. ஓரிரு நாள் ஈரம் நின்றாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பிகள் தென்பட்டால் அவை பெரும்பாலும் காற்றுப்பைகளுக்கானவை. அந்தப் பக்கம் தண்ணீரைக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. குறைவாகத் தெளித்து, பலமுறை உறிஞ்சி, கதவுகளைத் திறந்து வைத்து உலர்த்த நேரம் இருப்பவருக்கே இது ஏற்றது.

கார் நிற்கும் இடத்தில் மின்சாரமே இல்லை என்பவருக்குத் தொட்டி வகை உதவாது என்று தோன்றலாம். துளைக் கருவிகளுக்குரிய 18 வோல்ட் பேட்டரியிலேயே ஓடும் சிறிய தொட்டி உறிஞ்சிகளும் விற்பனைக்கு வருகின்றன. வீட்டு மின்சாரத்தில் செருகி ஓட்டும் உறிஞ்சியின் வலிமையை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. ஆயினும் பேட்டரி தளர்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், வடிகட்டியும் தனியாகக் கிடைக்கும். அத்தகைய பேட்டரியை ஏற்கெனவே வைத்திருப்பவர், பேட்டரியை மாற்ற முடியாதபடி ஒட்டி மூடப்பட்ட கையடக்க வகையை வாங்குமுன் இதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கலாம்.