இணையத்தில் ஏசாயாவின் தோற்சுருள்: இஸ்ரேல் அருங்காட்சியகத்தின் சேவை குறித்து ஒரு மதிப்புரை

தீர்க்கதரிசனங்கள் நிறைவேறின என்று சபையில் கேட்டு வளர்ந்த ஒருவர், அவை உண்மையிலேயே நிகழ்வுகளுக்கு முன்னர் எழுதப்பட்டவைதாமா என்று கேட்கத் தொடங்கினால், அவர் கையில் கொடுக்கத்தக்க பொருட்சான்றுகள் மிகச் சிலவே. அவற்றுள் முதன்மையானது, 1947இல் சவக்கடலின் வடமேற்குக் கரையை ஒட்டிய கும்ரான் குகையொன்றில் பெதூயின் இடையர்கள் கண்டெடுத்த பெரிய ஏசாயா சுருள். எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகம் கூகுள் நிறுவனத்துடன் சேர்ந்து 2011 செப்டம்பரில் இச்சுருளையும் வேறு நான்கு சுருள்களையும் இணையத்தில் ஏற்றி, எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி செய்தது. வேதபாட வகுப்பு நடத்துவோரும் பிரசங்கிகளும் இதைப் பயன்படுத்த வேண்டும் என்ற விருப்பத்தோடு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

புனிதப் பயணம் செல்பவர்கள் 1965இல் திறக்கப்பட்ட ‘புத்தக ஆலயம்’ என்னும் கட்டடத்துக்குள் நுழைந்து, சுருள் வைக்கப்பட்ட ஜாடியின் மூடியைப் போல் அமைந்த அதன் வெண்கூரையின் கீழ் நின்று பார்ப்பது பெரும்பாலும் சுருளின் நகலைத்தான். மூலத்தோல் மிகவும் நொய்ந்தது என்பதால் அதை நெடுங்காலம் வெளிச்சத்தில் வைக்க முடியாது. இணையத்திலோ மூலத்தின் படமே கிடைக்கிறது. புறஊதாக் கதிர் தடுக்கப்பட்ட விளக்கொளியில், வினாடியின் 4,000இல் ஒரு பங்கு நேரமே வெளிச்சம் படுமாறு எடுக்கப்பட்ட இப்படங்கள் 1,200 மெகாபிக்சல் வரை நுண்மை கொண்டவை. தோலின் வெடிப்பு, தையல், மை மங்கிய இடம், எழுதியவர் வரிகளுக்கிடையே செருகிய திருத்தம் என எல்லாவற்றையும் திரையில் பெரிதாக்கிக் காணலாம். 17 தோற்துண்டுகளைத் தைத்து இணைத்த 7.34 மீட்டர் நீளச் சுருளில், 54 பத்திகளில் (அதாவது நெடுக்கு வரிசைகளில்), ஏசாயாவின் 66 அதிகாரங்களும் ஏறக்குறைய முழுமையாக இருக்கின்றன.

பயன்படுத்துவது எளிது. எபிரெயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவதால் சுருளும் அவ்வாறே நகர்கிறது. ஒரு வசனத்தின்மேல் சொடுக்கினால் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு தோன்றும். தமிழ் இல்லை. ஆகவே நம் வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். வசன எண்கள் சில இடங்களில் ஒன்று தள்ளியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். நமக்கு ஏசாயா 9:6 ஆக இருக்கும் பாலகன் பிறப்பின் வசனம் எபிரெயப் பதிப்புகளில் 9:5 ஆகும்.

முதலில் 44ஆம் பத்திக்குச் செல்லுமாறு பரிந்துரைக்கிறேன். பாடனுபவிக்கும் தாசனைப் பற்றிய 53ஆம் அதிகாரம் அங்கே இருக்கிறது. சுருள் ஏறக்குறைய கி.மு. 125ஐச் சேர்ந்தது என்று அருங்காட்சியகம் கணிக்கிறது. எழுத்தமைதி ஆய்வும் கதிரியக்கக் கரிமச் சோதனையும் அது கிறிஸ்துவுக்கு முந்தியது என்பதில் ஒத்துப்போகின்றன. இதன் பொருளைச் சற்று நின்று நிதானிக்க வேண்டும். 1947க்கு முன்பு நம்மிடம் இருந்த பழமையான எபிரெயப் படிகள் கி.பி. 10, 11ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அலெப்போ சுவடி ஏறத்தாழ 930ஐயும் லெனின்கிராட் சுவடி 1008ஐயும் ஒட்டியவை. செப்துவஜிந்து என்னும் கிரேக்க மொழிபெயர்ப்பு கிறிஸ்துவுக்கு முன்பே செய்யப்பட்டதுதான். ஆனால் அதன் எஞ்சியிருக்கும் முழுமையான பழம்படிகள் 4ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் எழுதியவை. ஆதலால், சிலுவைப்பாட்டுக்குப் பின் கிறிஸ்தவர்கள் 53ஆம் அதிகாரத்தை அதற்கேற்பத் திருத்திக்கொண்டார்களோ என்று ஒருவர் கேட்டிருந்தால், முழுத் திருப்தியளிக்கும் பதில் அன்று கைவசம் இல்லை. இன்று அந்தக் கேள்வி முடிந்துபோயிற்று. நம் வேதாகமத்தில் நாம் வாசிக்கும் அதே அதிகாரம், இயேசு பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே யூதர் ஒருவரின் கையால் இத்தோலில் எழுதப்பட்டிருப்பதை நம் கண்ணாலேயே பார்க்கிறோம். இதைவிட வலுவான பொருட்சான்றை நான் அறியேன்.

இத்தனை வலுவுள்ள சான்று என்பதாலேயே, அது தாங்காத சுமையை அதன்மேல் ஏற்றக்கூடாது என்று சொல்ல விரும்புகிறேன். “ஓர் எழுத்துகூட மாறவில்லை” என்று மேடைகளில் சொல்லப்படுவது உண்மைக்குப் புறம்பானது. இச்சுருளுக்கும் யூத அறிஞர்கள் இடைக்காலத்தில் நிலைப்படுத்திய மரபுவழி மசோரெத்திய பாடத்துக்கும் இடையே 2,600க்கும் மேற்பட்ட வேறுபாடுகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பான்மை எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளே. எனினும் எல்லாமே அப்படி அல்ல. 53:11இல் தாசன் ‘ஒளியை’க் காண்பார் என்று சுருளில் இருக்கிறது, மசோரெத்திய பாடத்தில் அச்சொல் இல்லை. கும்ரானில் கிடைத்த வேறு இரண்டு ஏசாயா படிகளும் செப்துவஜிந்தும் சுருளோடு ஒத்துப்போவதால், இங்கே பழைய பாடம் சுருளில் உள்ளதுதான் என்று கருத நல்ல காரணம் உண்டு. மரணத்துக்குப் பின் தாசன் ஒளியைக் காண்பதாக வரும் இப்பாடம் ஈஸ்டர் ஆராதனைகளில் ஏன் இன்னும் பேசப்படுவதில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

அடுத்து 33ஆம் பத்தியைப் பெரிதாக்கிப் பாருங்கள். 40ஆம் அதிகாரத்தின் 7, 8 வசனங்களில், புல் உலர்ந்து பூ உதிரும் என்ற தொடர் இருமுறை வருவதால், முதலில் எழுதியவரின் கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி இடைப்பட்டது விடுபட்டிருக்கிறது; பின்வந்த ஒருவர் அதை வரிகளுக்கிடையிலும் ஓரத்திலும் எழுதிச் சேர்த்திருக்கிறார். இதே விடுபாடு செப்துவஜிந்திலும் இருப்பதால், சேர்க்கை பிற்காலத்தது என்று வாதிடுவோரும் உண்டு. நமது தேவனுடைய வசனம் என்றென்றைக்கும் நிற்கும் என்று முடியும் பகுதியிலேயே இது நேர்ந்திருக்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. படியெடுத்தவர்கள் மனிதர்கள், அவர்களுடைய திருத்தங்கள் தோலில் அப்படியே தெரிகின்றன, தெரிவதனால்தான் இன்று நாம் பாடத்தைச் சோதித்து அறிய முடிகிறது.

இனி, சுருள் தீர்க்காத கேள்விகள். பாபிலோனைக் கைப்பற்றிய பெர்சிய அரசன் கோரேசின் பெயர் 44:28இலும் 45:1இலும் வருகிறது. ஏசாயா கி.மு. 8ஆம் நூற்றாண்டினர்; பாபிலோன் வீழ்ந்தது கி.மு. 539இல். இது ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே உரைக்கப்பட்டதா, அல்லது 40ஆம் அதிகாரம் முதலான பகுதி சிறையிருப்புக் காலத்தில் வாழ்ந்த வேறொரு தீர்க்கதரிசியுடையதா என்பது நீண்டகால விவாதம். 40ஆம் அதிகாரம் 32ஆம் பத்தியின் கடைசி வரியில் பெரிய இடைவெளி ஏதுமின்றித் தொடங்குவதைக் காட்டி, முழு நூலும் ஒருவரே எழுதியது என்று நிறுவ முயல்வார்கள். ஆனால் கி.மு. 2ஆம் நூற்றாண்டுப் படி ஒன்று, அதற்கும் நானூறு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைப் பற்றிச் சாட்சி சொல்ல இயலாது. மேலும் சுருளில் உண்மையான இடைவெளி இருப்பது 27ஆம் பத்தியின் அடியில், 33ஆம் அதிகாரம் முடியுமிடத்தில். அங்கே மூன்று வரிகள் வெறுமையாக விடப்பட்டுள்ளன. சுருளின் இரு பாதிகளையும் இரு வேறு எழுத்தர்கள் எழுதினர் என்று நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வும் இந்த இடத்தையே எல்லையாகக் காட்டுகிறது. அது படியெடுத்தவர்களைப் பற்றிய செய்தி. நூலை உரைத்தவரைப் பற்றியது அன்று. கோரேசின் பெயரைக் கொண்டு வாதாடுவோர் சுருளைத் துணைக்கு அழைக்கக்கூடாது என்பதே என் கருத்து.

53ஆம் அதிகாரத்தின் தாசன் யார் என்பதும் சுருள் சொல்லும் செய்தி அன்று. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி, தீர்க்கதரிசி தன்னைக்குறித்துச் சொல்கிறாரோ வேறொருவரைக்குறித்தோ என்று பிலிப்புவிடம் கேட்ட கேள்வி நேர்மையானது. 49:3 தாசனை இஸ்ரவேல் என்றே அழைக்கிறது. தாசன் என்பது யூத ஜனம் முழுவதுமே என்று தம்மிடம் யூதர்கள் வாதிட்டதை 3ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் பதிவு செய்திருக்கிறார்.

இந்த இடத்தில் இச்சேவையின் மற்றொரு சுருளான ஆபகூக் விளக்கவுரை பெரிதும் உதவுகிறது. பலரும் கவனியாமல் விடுவது இதைத்தான். 13 பத்திகள் கொண்ட இவ்வுரையில், இச்சுருள்களோடு தொடர்புடைய யூதக் குழுவினரான கும்ரான் சமூகத்தார் ஆபகூக்கின் ஒவ்வொரு வரியையும் தங்கள் காலத்து நிகழ்வுகளுக்கே பொருத்துகிறார்கள்; கல்தேயர் என்பதை ரோமரைக் குறிக்கும் கித்தீம் என்று வாசிக்கிறார்கள். கடைசித் தலைமுறைக்கு நேரிடப்போவதை எழுதும்படி தேவன் ஆபகூக்குக்குச் சொன்னார், ஆனால் காலத்தின் நிறைவை அவருக்கு அறிவிக்கவில்லை, அந்த மறைபொருள் அச்சமூகத்தின் தலைவரான ‘நீதியின் போதகருக்கே’ வெளிப்படுத்தப்பட்டது என்று 7ஆம் பத்தி சொல்கிறது. இதை வாசித்தபின் மத்தேயுவைத் திறந்தால், தீர்க்கதரிசியால் உரைக்கப்பட்டது நிறைவேறும்படி என்று அவர் எழுதுவது அக்கால யூதர்கள் நன்கறிந்த வாசிப்புமுறையோடு உறவுடையது என்பது தெளிவாகும். அதோடு, ஒரே முறையில் வாசித்த இரு கூட்டத்தார் இருவேறு போதகர்களைக் கண்டார்கள் என்பதும் தெளிவாகும். ஆகவே, தீர்க்கதரிசனம் இயேசுவில் நிறைவேறியது என்ற நம் அறிக்கை, அவருடைய வாழ்வும் மரணமும் உயிர்த்தெழுதலும் பற்றிய அப்போஸ்தலரின் சாட்சியின்மேல் நிற்கிறது. அந்த வசனங்கள் நிகழ்வுக்கு முந்தியவை என்ற ஒன்றைச் சுருள் ஐயமற நிலைநாட்டுகிறது. அது செய்யக்கூடியது அவ்வளவே, அது பெரிய காரியம்.

குறையென்றால், எந்த வேறுபாடு முக்கியமானது, எது வெறும் எழுத்துக்கூட்டல் என்பதை எபிரெயம் அறியாதவர் இத்தளத்தைக் கொண்டு மட்டும் பிரித்தறிய முடியாது. நல்ல விளக்கவுரை ஒன்று துணைக்கு வேண்டும். கைப்பேசியைவிடக் கணினித் திரையில் பார்ப்பதே நலம். வகுப்பில் காட்டுவோர் 44, 33, 32, 27 என்ற வரிசையில் பத்திகளைத் திறந்து, பின் ஆபகூக் உரையின் 7ஆம் பத்திக்குச் சென்றால் ஒரு மணி நேரப் பாடத்துக்குப் போதுமானது. மற்ற ஏசாயா துணுக்குகளையும் பார்க்க விரும்புவோர், இஸ்ரேல் தொல்பொருள் ஆணையம் 2012 முதல் நடத்திவரும் லியோன் லெவி மின்னூலகத்தில் கும்ரானின் நான்காம் குகைத் துணுக்குகளைத் தேடலாம்.