பவர் வீல்சேர் வாங்கப்போகிறீர்களா? 1,38,000 ரூபாய் போன கதை இது

ஏ.எல்.எஸ். (நரம்பு பழுதாகி கை, கால், கழுத்துத் தசைகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய்) வந்த எங்கள் சித்தப்பாவுக்காக வாங்கிய பவர் வீல்சேர் ஹாலில் சும்மா நிற்கிறது. விலை 1,38,000 ரூபாய். விற்றது மருத்துவ உபகரணங்கள் விற்கும் ஓர் இணையதளம், ஷோரூமும் உண்டு. புகார் நடப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பது இந்த நோய் உள்ள எல்லா வீட்டுக்கும் தெரிந்தாக வேண்டும்.

ஏ.எல்.எஸ்.ஸில் இன்று இருக்கும் கை அடுத்த வருஷம் இருக்காது. அதனால் முதல் கேள்வியே இதுதான்: "கை முழுசா போனபிறகு தாடையாலயோ தலையாலயோ ஓட்டுற மாதிரி மாத்த முடியுமா?" விற்பனையாளர் வீடியோ காலில் ஜாய்ஸ்டிக்கைக் காட்டி, "தாராளமா சார், இதே சேர்லயே சின் கண்ட்ரோல் போட்டுத் தருவோம். நம்ம வீட்டுப் பெரியவர் மாதிரி பார்த்துக்கறோம்" என்றார். அந்த உறுதிமொழிக்காகத்தான் 1,38,000 ரூபாயும் முன்பணமாகவே போனது.

வந்த சேரில் ஜாய்ஸ்டிக்கும், மோட்டாரை இயக்கும் கண்ட்ரோலரும் ஒரே டப்பா. மோட்டார் ஒயரும் பேட்டரி ஒயரும் நேராக அதற்குள் போகின்றன. வேறு எதையும் செருக அதில் இடமே கிடையாது. தாடையால் ஓட்டும் சின் கண்ட்ரோல், தலையால் ஓட்டும் ஹெட் அரே, கூட இருப்பவர் பின்னாலிருந்து ஓட்டும் கண்ட்ரோல், எது போடுவதானாலும் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் மாட்யூல் தனியாக, ஜாய்ஸ்டிக் தனியாக, நடுவில் கழற்றி மாட்டும் கேபிள் என்று இருக்க வேண்டும். ஆர்-நெட் என்ற கண்ட்ரோலர் அந்த வகை. அதில் புரோகிராமும் மாற்றலாம். விரலைக் கொஞ்சமே அசைக்க முடிகிறவருக்கு அந்தச் சின்ன அசைவையே முழுத் தள்ளலாக எடுத்துக்கொள்ளும்படி வைக்கலாம். எங்களுக்கு வந்ததில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு பட்டன், ஒரு ஹாரன். அவ்வளவுதான்.

அடுத்த பொய் "டில்ட்". வந்தது வெறும் ரிக்லைன். ரிக்லைனில் முதுகு மட்டும் சாயும். தானாக நகர்ந்து உட்கார முடியாதவருக்கு இடுப்பு முன்னால் வழுக்கும், வால் எலும்புப் பக்கம் தோல் இழுபட்டு உரசும், புண் வரும். டில்ட்டில் சீட்டும் முதுகும் கோணம் மாறாமல் சேர்ந்தே பின்னால் சாயும். உட்காரும் இடத்தின் பாரம் முதுகுக்குப் போகும். 30 டிகிரிக்கு மேல் சாய்ந்தால்தான் அந்தப் பலன் ஓரளவு கிடைக்கும். கழுத்து நிற்காதவருக்குப் பக்கவாட்டிலும் தாங்கும் ஹெட்ரெஸ்ட் வேண்டும். இவர்கள் அனுப்பியது ஒரு தட்டைப் பஞ்சு. மூச்சுக்கு உதவும் பைபேப் மெஷின் வைக்கப் பின்னால் தட்டு மாட்டக்கூட ஃபிரேமில் வழியில்லை.

பேட்டரி 25 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். உள்ளே இருந்தது 12 வோல்ட், 12 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் இரண்டு. மொத்தம் 288 வாட்-அவர். ஆள் உட்கார்ந்து, சாய்தளம் ஏறி, 25 கிலோமீட்டர் போக அது எந்தக் கணக்கிலும் போதாது.

பில்லைப் பார்த்தபோதுதான் இன்னொன்று. 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டிருந்தார்கள்! மோட்டார் உள்ளதோ இல்லாததோ, மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டிக்கு எச்.எஸ்.என். (வரிக்கான பொருள் குறியீடு) 8713, வரி 5 சதவீதம்தான். அதிலேயே பதினைந்தாயிரத்துக்கு மேல் கூடுதல்.

கேட்டால் முதலில், "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க சார்." யாரும் கூப்பிடவில்லை. பிறகு, "சின் கண்ட்ரோல் இம்போர்ட் பண்ணணும் சார், தொண்ணூறாயிரம் ஆகும்." மாட்ட இடமே இல்லாத சேருக்கு இன்னொரு தொண்ணூறாயிரம்! கடைசியில், "பேஷன்ட் உட்கார்ந்த ஐட்டம், ஹைஜீன் பாலிசி, ரிட்டர்ன் கிடையாது." வீடியோ காலில் சிரித்துப் பேசியவர் இப்போது போனையே எடுப்பதில்லை. நோயாளிக்கு நேரம் குறைவு என்று தெரிந்தேதான் இழுத்தடிக்கிறார்கள். 1,38,000 ரூபாய் இந்த வீட்டில் சும்மா வந்த பணமில்லை.

விரிவாக எழுத இப்போது மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

கண்ட்ரோலரின் பெயரும் மாடலும் பில்லிலேயே வரட்டும். "பின்னாடி போட்டுத் தருவோம்" என்றால், எந்தப் பாகம், என்ன விலை என்று எழுத்தில் வாங்குங்கள்.

டில்ட் என்று சொன்னால் சீட் சாய்வதை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். முதுகு மட்டும் சாய்ந்தால் வேண்டாம்.

பாத்ரூம் கதவு உட்பட எல்லாக் கதவையும் அளந்து, சேரின் மொத்த அகலத்தோடு ஒப்பிடுங்கள். சீட் அகலத்தோடு இல்லை.

முழுப்பணம் முன்னால் கொடுக்காதீர்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் நோயாளியை உட்காரவைத்துப் பார்த்த பிறகே மீதி.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதியுங்கள். இணையத்தில் விற்பவர் புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று 2020 விதி இருக்கிறது. தீர்க்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே புகார்க் கட்டணம் இல்லை. அதுவரை பில்லையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள்.